விலகிய கோடும் நடுங்கிய கோடும்: ஒரு தொடக்கநிலை மாணவியின் பயிற்சித் தாள்கள்

ஓவியம் பழகத் தொடங்குபவர்கள் அனுப்பும் முதல் தாள்களில் படம் என்று எதுவும் இருக்காது. கோடுகள், நீள்வட்டங்கள், பெட்டிகள் அவ்வளவுதான். அதனாலேயே பார்ப்பவர்களும் "கோடு நேரா வரல, இன்னும் பொறுமையாப் போடுங்க" என்று ஒரு வரி சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஒரு வரி ஒருவருடைய கையை எப்படிக் கட்டிப்போட்டது, தாளில் இருந்த தடயங்களை வைத்து அதை எப்படி அவிழ்த்தோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

அவர் நாற்பதுகளில் இருப்பவர், சொந்தமாகத் தையல் கடை நடத்துபவர். தையலில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் முதல் நிலையான லோயர் முடித்தவர். ஓவியத்திலும் லோயர் எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்தத் தேர்வில் ஸ்கேல் உதவியில்லாமல் வெறுங்கையால் வரையும் ஃப்ரீஹேண்ட் அவுட்லைனுக்குக் கை பழகியிருக்க வேண்டும் என்பதால் அடிப்படையிலிருந்து ஆரம்பித்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னை சார் என்பார். என்னிடம் வருவதற்கு முன்பே வேறொருவரிடம் தன் கோடுகளைக் காட்டியிருக்கிறார். மேலே சொன்ன அதே வரிதான் அவருக்குக் கிடைத்தது. அதன்பின் சில மாதங்கள் அவர் பொறுமையாகவே போட்டிருக்கிறார். மெதுவாக, மிக மெதுவாக.

தாள்களில் இருந்தவை

அவர் படமெடுத்து அனுப்பியவை நான்கு தாள்கள், எல்லாம் ஜெல் பேனாவில். பென்சில் வேண்டாம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அழிக்க முடியாத மையில் போட்டால்தான் கை என்ன செய்தது என்பது அப்படியே தாளில் தங்கும். திருத்துகிறவருக்கு அதுதான் வேண்டும்.

முதல் தாளில் இரண்டு புள்ளிகள் வைத்து இணைத்த கோடுகள், ஒவ்வொன்றும் பன்னிரண்டு சென்டிமீட்டர் அளவில். முதலில் என் கண்ணில் பட்டது அவற்றின் துல்லியம். ஒரு கோடுகூட இரண்டாம் புள்ளியைத் தவறவில்லை. ஆனால் புள்ளிக்குப் புள்ளி போகும் வழியெல்லாம் நடுக்கம், ஏறக்குறைய சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன நெளிவுகள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கோட்டின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் மை சிறு சிறு குண்டுகளாகத் தேங்கியிருந்தது. ஜெல் பேனா ஓரிடத்தில் நின்றால் மை அங்கே ஊறிவிடும். அதாவது, முடிவுப் புள்ளியை நெருங்க நெருங்கப் பேனா நின்று நின்று போயிருக்கிறது.

இரண்டாம் தாள் ஸ்கேலால் ஒரு கோடு போட்டு, அதன் மேலேயே வெறுங்கையால் எட்டு முறை இழுக்கும் பயிற்சி. இதில் எட்டுக் கோடுகளும் ஒரே இடத்தில் தொடங்கி, மறுமுனையில் துடைப்பம் போலப் பிரிந்திருந்தன. இரண்டு முனையிலும் பிரிந்திருந்தால் தொடக்கப் புள்ளியில் பேனாவை வைப்பதிலேயே கவனம் இல்லை என்று பொருள். ஒருமுனையில் மட்டும் பிரிவது இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. கடைசி இரண்டு மூன்று இழுப்புகளில் நெளிவே இல்லை. அடியில் ஸ்கேல் கோடு இருக்கிறது என்ற தைரியத்தில், அதுவும் ஆறேழு முறை போய்வந்த பாதையில், கை தானாக வேகமெடுத்திருக்கிறது. வேகமெடுத்ததும் நடுக்கம் காணாமல் போயிருக்கிறது.

மூன்றாம் தாளின் நீள்வட்டங்கள் இரு முனைகளிலும் மாவிலை போலக் கூர்மையாக முடிந்தன. அந்தக் கூர்முனைகளிலும் மைக்குண்டுகள். மேல்வளைவு ஒன்று, கீழ்வளைவு ஒன்று என்று இரண்டு துண்டாகப் போட்டு ஒட்டியிருக்கிறார்.

நான்காம் தாளில் ஒரு தொடுவானக் கோடு, அதன் இரு கோடியிலும் இரண்டு மறைபுள்ளிகள் (பின்னோக்கிப் போகும் விளிம்புகள் போய்ச் சேர வேண்டிய புள்ளிகள்), கீழே பெட்டிகள். பல விளிம்புகள் இரண்டு மூன்று முறை இழுக்கப்பட்டுத் தடித்திருந்தன. தவறிய கோட்டை மறுபடி இழுத்துச் சரிசெய்யும் பழக்கம் அது. சரியாகாது, பிழைதான் இன்னும் கறுப்பாகத் தெரியும்.

நடுக்கம் எங்கிருந்து வருகிறது

கோடு கெடுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று விலகல்: கோடு வழவழப்பாகத்தான் இருக்கும், ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்காது. மற்றது நடுக்கம்: போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும், வழியெல்லாம் அலைந்திருக்கும். பார்ப்பவர் இரண்டுக்கும் "நேரா இல்ல" என்ற ஒரே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டின் காரணமும் நேரெதிர். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றொன்றை முற்றவைக்கும்.

இது இன்று நேற்று தெரிந்த விஷயம் இல்லை. 1899 இல் ராபர்ட் வுட்வர்த் என்ற அமெரிக்க உளவியலாளர், சுழலும் உருளையில் தாளைச் சுற்றி, மெட்ரோனோம் என்ற தாளக் கருவியின் தட்டலுக்கு ஏற்ப மக்களைப் பென்சிலால் கோடு போட வைத்தார், ஒருமுறை கண்ணைத் திறந்து, ஒருமுறை மூடி. மெதுவாகப் போடும்போது கண் திறந்திருந்தவர்களின் அளவு துல்லியமாக இருந்தது. வேகம் நிமிடத்துக்கு 140 கோடு என்ற அளவை எட்டியதும் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான் என்றாகிவிட்டது. கையின் அசைவில் முதலில் ஒரு உந்துதல் இருக்கிறது. அதன்பின் கண் பார்த்துப் பார்த்துச் செய்யும் திருத்தம் இருக்கிறது. வேகமான அசைவில் திருத்தத்துக்கு நேரமே கிடைப்பதில்லை. கண் பார்த்து, கை திருந்த ஏறத்தாழ கால் நொடி பிடிக்கிறது என்று 1968 இல் கீல், போஸ்னர் இருவரும் அளந்து காட்டினார்கள்.

இதை அக்காவின் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு சென்டிமீட்டர் கோட்டை மூன்று நொடி எடுத்துப் போட்டால், நடுவில் பத்துப் பன்னிரண்டு திருத்தங்களுக்கு இடம் இருக்கிறது. ஒவ்வொரு திருத்தமும் ஒரு நெளிவு. தாளில் சென்டிமீட்டருக்கு ஒன்றாக இருந்த நெளிவுகள் இவைதான். அவருக்குக் கை நடுங்கவில்லை. கண் பத்து முறை குறுக்கிட்டிருக்கிறது. "பொறுமையாப் போடுங்க" என்ற அறிவுரை அந்தக் குறுக்கீட்டுக்கு இன்னும் அதிக நேரத்தைக் கொடுத்தது. அவர் சொன்னபடி கேட்டார், கேட்கக் கேட்கக் கோடு மோசமானது. சோம்பலாலோ திறமைக் குறைவாலோ வந்த பிழையாக இருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. சொன்னதை ஒழுங்காகச் செய்ததால் வந்த பிழை இது.

முதல் கருத்து

நான்கு தாளிலும் சொல்லத் தகுந்த குறைகள் பத்துக்கு மேல் இருந்தன. நான் குரல் பதிவாக அனுப்பியது இவ்வளவுதான்:

"அக்கா, ரெண்டாவது தாள்ல கடைசி மூணு கோட்டைப் பாருங்க. நடுவுல ஆடவே இல்ல. அதைப் போட்டதும் உங்க கைதான். முதல் தாள்லயும் அந்த வேகம் வேணும். போடுறதுக்கு முன்னாடி பேனா தாள்ல படாம ரெண்டு மூணு தடவை ஓட்டிப் பாருங்க. அப்புறம் ஒரே இழுப்பு. ரெண்டாவது புள்ளியத் தாண்டிப் போனாலும் சரி, பக்கத்துல போனாலும் சரி. நடுவுல மட்டும் நிக்கக் கூடாது. இந்த வாரம் இது ஒண்ணுதான், ஒரு தாள் போதும்."

இதில் நான் யோசித்து வைத்த வரி, புள்ளியைத் தவறவிட அனுமதி கொடுத்த வரி. அதுவரை அவருக்கு வெற்றி என்பது புள்ளியில் போய் நிற்பது. அந்த அளவுகோல் மாறாதவரை "வேகமாகப் போடுங்கள்" என்று எத்தனை முறை சொன்னாலும் கை தயங்கத்தான் செய்யும். எந்தப் பிழை இப்போதைக்குப் பரவாயில்லை என்று சொல்லாத கருத்து, தொடக்க நிலையில் இருப்பவருக்கு அரைக் கருத்துதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பாராட்டையும் இதற்குள்ளேயே வைத்தேன். "உங்களுக்கு நல்லா கை வருதுக்கா" என்று சொல்லியிருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார், ஆனால் எதைத் திரும்பச் செய்வது என்று தெரிந்திருக்காது. கருத்துச் சொல்வதால் என்ன நடக்கிறது என்று நடந்த ஆய்வுகளை 1996 இல் க்ளூகர், டெனிசி இருவரும் தொகுத்துப் பார்த்தபோது சராசரியாக நன்மை இருந்தது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், கருத்துச் சொன்ன பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு "நான் எப்படிப்பட்டவன்" என்பதன் பக்கம் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன முக்கியமான விளக்கம். திட்டுவதற்கு மட்டுமல்ல, புகழ்வதற்கும் இது பொருந்தும். எந்தக் கோடு நன்றாக வந்தது, ஏன் நன்றாக வந்தது என்று தாளில் சுட்டிக்காட்டுவதே அவருக்கு உதவும் பாராட்டு.

நீள்வட்டத்தையும் பெட்டியையும் பற்றி ஒன்றும் சொல்லாததற்கும் காரணம் உண்டு. பெட்டியின் விளிம்பும் கோடுதான். அந்தக் கோடு நடுங்கிக்கொண்டிருக்கும்போது, அது தவறான திசையில் போனது கை செய்த பிழையா, மறைபுள்ளியைப் புரிந்துகொள்ளாததால் வந்த பிழையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஊகித்துச் சொல்வதைவிடக் காத்திருப்பது மேல்.

மோசமாகத் தெரிந்த முன்னேற்றம்

அடுத்து வந்த தாளோடு ஒரு செய்தியும் வந்தது. "சார், முன்னாடியாவது கோடு புள்ளியில போய் நின்னுச்சு. இப்ப ஒண்ணுகூடச் சேரல. இருந்ததும் கெட்டுப்போச்சோன்னு இருக்கு."

தாளைப் பார்த்தால் அவர் சொல்வது உண்மைதான். பாதிக் கோடுகள் புள்ளியைத் தாண்டி ஓடியிருந்தன, மீதி பக்கத்தில் போயிருந்தன. ஆனால் நெளிவு ஒன்றுகூட இல்லை, மைக்குண்டுகளும் இல்லை. பழகுபவர்கள் பலர் பாதியில் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஒரு பிழை தீரும்போது அதன் அடியில் இருந்த இன்னொன்று வெளியே வரும். பார்ப்பவருக்கு அது பின்னடைவாகத் தெரியும். இதை முன்னறிந்து சொல்வதும், நடந்தபின் தாளைக் காட்டி விளக்குவதும் கருத்துச் சொல்பவரின் பொறுப்பு.

ஓவியர் கே.எம். ஆதிமூலம் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த காந்தி கோட்டோவியங்களில் சிலவற்றை அவருக்கு அனுப்பினேன். அந்தக் கோடுகளை ஸ்கேல் வைத்துப் பார்த்தால் எதுவும் நேராக இருக்காது. ஆனால் தயங்கிய கோடு ஒன்றையும் அதில் காட்ட முடியாது. அவருக்கு அது சட்டென்று பிடிபட்டது. அடுத்த கேள்வியே "அப்ப புள்ளியில எப்படிச் சேர்க்கறது?" என்பதுதான்.

சேர்ப்பதற்கான வழி அதே தாளில் இருந்தது. விலகிய கோடுகள் எல்லாமே ஒரே பக்கமாக வில் போல வளைந்திருந்தன. விலகல் கண்டபடி இருந்தால் அதன் காரணத்தைக் கண்டுபிடிப்பது சிரமம். ஒரே பக்கமாக இருந்தால் அங்கே ஓர் அச்சு இருக்கிறது என்று பொருள். முழங்கையை ஊன்றிக்கொண்டு போட்டால் கை அந்த முழங்கையை மையமாக வைத்துத்தான் சுழலும், கோடு வளையும். தோளிலிருந்து போடும்போது சுழலும் ஆரம் பெரிது என்பதால் அந்த வளைவு ஏறக்குறையத் தெரியாமல் போய்விடும்.

தாளை மட்டும் பார்த்து இதற்குமேல் ஊகிக்க வேண்டாம் என்று, கோடு போடும்போது கையைப் பக்கவாட்டில் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். தையல் மெஷின் மேசையின் ஓரத்தில், மெஷினை ஒட்டிக் கிடைத்த குறுகிய இடத்தில் தாளை வைத்து உட்கார்ந்து போடுகிறார். முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றியிருக்கிறார். வேறு வழியில்லாத இடம் அது.

வீடியோவின் பின்னணியில் கட்டிங் டேபிள் தெரிந்தது. அதன் முன்னால் நின்றுகொண்டு, தையல் சாக்கால் துணியில் கழுத்து வளைவையும் பக்கவாட்டுக் கோட்டையும் ஒரே இழுப்பில் போடுபவர் அவர். தயங்கினால் துணி நகரும், சாக் கோடு சிதையும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. எனவே தோள், முழங்கை, அச்சு என்று எதையும் நான் விளக்கவில்லை. "தாளைக் கட்டிங் டேபிள்ல வச்சு, நின்னுக்கிட்டு, துணியில மார்க் பண்ற மாதிரி போடுங்க. பேனா முனையப் பார்க்காதீங்க, போய்ச் சேர வேண்டிய புள்ளியப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

உடலின் பாகத்தைச் சொல்லாமல் விட்டதற்கு ஆதாரம் உண்டு. கேப்ரியேல் வுல்ஃபும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1998 இல் வெளியிட்ட ஆய்வில், பனிச்சறுக்குப் பாவனைக் கருவியில் பழகியவர்களில் தங்கள் பாதத்தின் மேல் கவனம் வைத்தவர்களைவிட, கருவியின் சக்கரங்கள் மேல் கவனம் வைத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். கை எப்படி அசைகிறது என்று நினைத்துக்கொண்டே அசைத்தால் அசைவு இறுகிவிடுகிறது. அசைவின் விளைவைப் பார்த்தால் உடல் தன் வழியைக் கண்டுகொள்கிறது.

அடுத்த தாளில் கோடுகள் வழவழப்பாகவும், பெரும்பாலும் புள்ளிக்குச் சில மில்லிமீட்டருக்குள்ளும் வந்திருந்தன. சில தாண்டின. தாண்டாமல் நிறுத்த வேகத்தைக் குறைக்க வேண்டாம், புள்ளி வந்ததும் பேனாவைத் தாளைவிட்டு மேலே தூக்குங்கள் என்று ஒரு சிறு குறிப்பு மட்டும் சேர்த்தேன்.

பெட்டிகள்: சிவப்புப் பேனாவை அவர் கையில் கொடுத்தது

கோடு அடங்கியபின் பெட்டித் தாளைப் புதிதாகப் போடச் சொன்னேன். இந்த முறை அனுப்புமுன் அவரே திருத்த வேண்டும் என்பது ஏற்பாடு. முடித்தபின் சிவப்புப் பேனாவும் ஸ்கேலும் எடுத்து, பின்னோக்கிப் போகும் ஒவ்வொரு விளிம்பையும் தொடுவானம் வரை நீட்ட வேண்டும். எது மறைபுள்ளியில் சேர்கிறது, எது சேரவில்லை என்று அவரே குறிக்க வேண்டும். அதன்பிறகுதான் எனக்கு அனுப்ப வேண்டும்.

ஒவ்வொரு முயற்சிக்கும் உடனுக்குடன் வெளியிலிருந்து திருத்தம் கிடைத்தால், கற்பவர் அந்தத் திருத்தத்தின் மேலேயே சாய்ந்துவிடுகிறார், அது நின்றதும் தடுமாறுகிறார் என்று சால்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் 1984 இல் எழுதினார்கள். தேர்வறையில் நான் இருக்கப் போவதில்லை. அவர் கண்ணே அவருக்குப் பிழையைச் சொல்ல வேண்டும்.

சிவப்புக் கோடுகள் சொன்னது தெளிவாக இருந்தது. மேல்விளிம்புகள் அநேகமாகச் சரியாக மறைபுள்ளியில் சேர்ந்தன. அடிவிளிம்புகள் அதைத் தாண்டி, சில தாளுக்கே வெளியே போயின. மேல்விளிம்பைப் பார்த்து அதற்கு இணையாக அடிவிளிம்பைப் போட்டிருக்கிறார். துணியில் இரண்டு விளிம்பும் இணையாக இருந்தே ஆக வேண்டும் என்று பல வருடம் பழகிய கண் அது; பெட்டியிலும் அதையே தேடியிருக்கிறது. தொடுவானத்துக்குக் கீழே இருக்கும் பெட்டியில் அடிவிளிம்பு மேல்விளிம்பைவிடச் சரிவு கூடுதலாக ஏறினால்தான் இரண்டும் ஒரே புள்ளியில் சந்திக்கும். "அடிவிளிம்பு போடும்போது மேல்விளிம்பைப் பார்க்காதீங்க, மறைபுள்ளிய மட்டும் பாருங்க" என்பதற்கு மேல் இங்கே எதுவும் தேவைப்படவில்லை.

நான் எழுதிக்கொடுக்காத ஒரு பிழையையும் அவரே வட்டமிட்டிருந்தார்: வலது ஓரத்துப் பெட்டிகளின் செங்குத்துக் கோடுகள் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தன. "இது மட்டும் விழுற மாதிரி இருக்கு சார்" என்று பக்கத்தில் எழுதியிருந்தார். அந்தத் தாளில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி கொடுத்தது அந்தக் குறிப்புதான்.

இதே முறையில் தூரத்திலிருந்து கருத்துச் சொல்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. படத்தை நேர் மேலிருந்து, பகல் வெளிச்சத்தில், தாளின் நான்கு மூலையும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். சாய்வாக எடுத்த படத்தில் இணைகோடுகள் குவியும், வட்டம் நசுங்கும். கேமராவின் பிழையை மாணவரின் பிழையாகத் திருத்திக்கொண்டிருப்போம். அக்காவின் முதல் படங்களில் இரண்டு அப்படி வந்தவை; மறுபடி எடுக்கச் சொல்லித்தான் பார்த்தேன்.

நீள்வட்டங்கள்

இது இன்னும் முடியவில்லை. பேனாவை எடுக்காமல் ஒரே ஓட்டத்தில் இரண்டு சுற்றுப் போடச் சொன்னதும் அகலமான நீள்வட்டங்களில் கூர்முனை போய்விட்டது. இரண்டாம் சுற்று முதல் சுற்றின் மேல் எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதே அளவுகோல் என்பதால், சரியாக வந்ததா என்று அவரே பார்த்துக்கொள்ளவும் முடிகிறது. குறுகிய நீள்வட்டங்களில் முனை இன்னும் கூர்கிறது. அங்கே திரும்புவதற்கு இடம் குறைவு. கையின் அசைவு தோளை விட்டு மணிக்கட்டுக்கு இறங்கிவிடுகிறது. பெட்டியின் பக்கங்களுக்குள் போடும் நீள்வட்டங்களில், நான்கு விளிம்பையும் தொட்டுவிட வேண்டும் என்ற பழைய துல்லிய ஆசை மீண்டும் எட்டிப் பார்க்கிறது, மைக்குண்டுகளோடு.

இப்போது கொடுத்திருப்பது ஒரு தாள். இரண்டு இணைகோடுகளுக்கு நடுவே ஒரு வரிசை, முதலில் அகலமான நீள்வட்டத்தில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் முனை கூர ஆரம்பிக்கிறதோ அங்கே சிவப்பில் ஒரு கோடு போட்டு நிறுத்திவிட வேண்டும். அடுத்த வரிசை அந்த அகலத்திலிருந்து தொடங்கும்.